டெர்வென்ட் பள்ளத்தாக்கின் நடைவழிகள்: ஆறு, கால்வாய், பஞ்சாலை

டெர்வென்ட் ஆறு இங்கிலாந்தின் டார்பிஷயர் மாவட்டத்தில், பிளீக்லோ என்ற சதுப்பு மேட்டில் பிறக்கிறது. தெற்கே ஓடி, டார்பி நகரைக் கடந்து, ஷார்ட்லோ ஊருக்கு அருகே டிரென்ட் ஆற்றில் கலக்கிறது. பெரிய ஆறு என்று சொல்வதற்கில்லை. ஆனால் உலகம் இன்று 'தொழிற்சாலை' என்று அறிந்துள்ள அமைப்பு, அதாவது ஒரே கூரையின் கீழ், ஒரே விசையால் ஓடும் இயந்திரங்களைச் சுற்றி, மணியடித்து ஆட்களைக் கூட்டி வேலை வாங்கும் முறை, இந்த ஆற்றின் கரையில்தான் உருப்பெற்றது. மாட்லாக் பாத் ஊரிலுள்ள மாசன் ஆலை முதல் டார்பி பட்டாலை வரை சுமார் 24 கி.மீ. நீளமுள்ள பகுதியை யுனெஸ்கோ 2001இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. 2003இல் ஆற்றின் மேல்பகுதியிலிருந்து அதன் முகம் வரை சுமார் 88 கி.மீ. தூரத்துக்கு 'டெர்வென்ட் பள்ளத்தாக்குப் பாரம்பரிய வழி' என்ற நெடுநடைப் பாதை திறக்கப்பட்டது.

வழிகாட்டி நூல்கள் இந்தப் பாதையை ஆலை, பாலம், தேவாலயம் என்று கட்டடங்களின் வரிசையாகச் சொல்கின்றன. அந்த வரிசையில் நடப்பவர் பல செங்கல் சுவர்களைப் பார்த்துத் திரும்பக்கூடும். பள்ளத்தாக்கு விளங்க வேண்டுமானால் கவனிக்க வேண்டியது நீரை. எந்த நீரை யார் தடுத்தார், எங்கே திருப்பினார், யாரிடமிருந்து யார் இழந்தார் என்ற கணக்கே இங்குள்ள ஒவ்வொரு கட்டடத்தையும் அதனதன் இடத்தில் நிறுத்தியிருக்கிறது. மோட்டார் சாலையில் போகிறவருக்கு அந்தக் கணக்குப் பிடிபடாது. அடிக்கணக்கில் ஏறி இறங்கும் நீர்மட்டங்களை நடந்தே உணர முடியும்.

நெடுவழி தொடங்கும் வடகோடியில் மூன்று பெரிய நீர்த்தேக்கங்கள் உள்ளன. ஹவ்டன் அணை 1912இலும் டெர்வென்ட் அணை 1916இலும் முடிந்தன. லேடிபவர் 1945இல் திறக்கப்பட்டது. லேடிபவர் நிரம்பியபோது டெர்வென்ட், ஆஷப்டன் என்ற இரண்டு கிராமங்கள் நீருக்குள் போயின. முதல் இரண்டு அணைகளைக் கட்டிய தொழிலாளர்களுக்காக பிர்ச்சின்லீ என்ற தகரக் குடியிருப்பு எழுந்து, வேலை முடிந்ததும் மறைந்தது. 1943இல் ஜெர்மனியின் அணைகளைத் தாக்கப் புறப்படுமுன் பிரிட்டிஷ் விமானப்படையின் 617ஆம் அணி டெர்வென்ட் நீர்த்தேக்கத்தின் மேல் தாழப் பறந்து பயிற்சி எடுத்தது. ஆற்றின் போக்கில் முதலில் வரும் இந்த அணைகள் காலவரிசையில் கடைசியில் வந்தவை. ஆலைகளால் பெருத்த நகரங்களுக்குக் குடிநீர் தேவைப்பட்டதால்தான் அவை கட்டப்பட்டன. இந்தப் பகுதியில் காட்சி அழகு மிகுதி. தொழில் வரலாற்றைத் தேடி வருபவர் இதையும், இதற்குக் கீழேயுள்ள சாட்ஸ்வொர்த் மாளிகைப் பூங்காவையும் விரைந்து கடந்து மாட்லாக் பாத்துக்கு வந்துவிடலாம்.

மாட்லாக் பாத் அருகே சுண்ணாம்புப் பாறைகள் இருபுறமும் செங்குத்தாக எழுந்து ஆற்றை நெருக்குகின்றன. அந்த இடுக்கில் நிற்கும் சிவப்புச் செங்கல் மாசன் ஆலை 1783இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் கட்டியது. 1991 வரை அங்கே இயந்திரங்கள் ஓடின. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் குரோம்ஃபோர்டு. ஆர்க்ரைட்டின் முதல் ஆலை, 1771இல் தொடங்கியது, அங்கே இருக்கிறது. இந்த இரண்டு ஆலைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பின்வரும் கதை முழுவதும் தெளிவாகும். மாசன் ஆலை டெர்வென்ட் ஆற்று நீரில் ஓடியது. முதல் ஆலையோ ஆற்றைத் தொடவேயில்லை. போன்சல் ஓடை என்ற சிற்றோடையும், ஈயச் சுரங்கங்களில் ஊறும் நீரை வெளியேற்ற 17ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட குரோம்ஃபோர்டு சஃப் என்ற வடிகால் குகையும் அதற்கு நீர் தந்தன. நிலத்தின் ஆழத்திலிருந்து வரும் அந்த நீர் சற்று வெதுவெதுப்பானது, குளிர்காலத்திலும் உறையாது, கோடையிலும் வற்றாது. ஆண்டு முழுவதும் இரவு பகலாகச் சக்கரம் சுழல வேண்டும் என்று நினைத்தவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆலை வாசலுக்கு எதிரே சாலையின் குறுக்கே போகும் வார்ப்பிரும்பு நீர்த்தொட்டி 1821இல் அமைந்தது. வடிகால் நீரைச் சாலைக்கு மேலாகச் சக்கரத்துக்குக் கொண்டுசென்ற மரத்தொட்டியின் இடத்தில் அது வந்தது.

ஆர்க்ரைட் 1732இல் பிரெஸ்டனில் பிறந்தவர். முடிதிருத்தும் தொழிலிலும் பொய்முடி செய்யும் தொழிலிலும் இருந்தவர். உருளைகளால் பஞ்சை இழுத்து முறுக்கும் நூற்பு இயந்திரத்துக்கு 1769இல் காப்புரிமை பெற்றார். நாட்டிங்ஹாமில் குதிரைகளைக் கட்டி அதை ஓட்டிப் பார்த்த பிறகு, ஜெடிடையா ஸ்ட்ரட், சாமுவேல் நீட் என்ற இரண்டு காலுறை வணிகர்களின் முதலீட்டோடு குரோம்ஃபோர்டுக்கு வந்தார். நீரில் ஓடத் தொடங்கியதால் அந்த இயந்திரத்துக்கு 'வாட்டர் ஃபிரேம்' என்ற பெயர் நிலைத்தது.

அந்த இயந்திரத்தின் மதிப்பு அது நூற்ற நூலின் வலுவில் இருந்தது. தறியில் பாவு நூல் ஓயாத இழுவையைத் தாங்க வேண்டும். அன்றைய இங்கிலாந்தில் கையால் நூற்ற பருத்தி நூல் அதைத் தாங்காது. ஆகவே அங்கு நெசவாளர்கள் பாவுக்கு லினன் நூலையும் ஊடைக்குப் பருத்தி நூலையும் இட்டு நெய்தனர். முழுப் பருத்தித் துணி என்றால் அது இந்தியாவிலிருந்து வர வேண்டும். சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணிகளும் மற்ற இந்திய அச்சுத் துணிகளும் அங்கு அவ்வளவு விரும்பப்பட்டன. உள்நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கிளர்ந்தெழ, 1721இல் நாடாளுமன்றம் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே தடை செய்தது. குரோம்ஃபோர்டில் பாவுக்குத் தகுந்த பருத்தி நூல் வரத் தொடங்கியதும் ஆர்க்ரைட்டும் கூட்டாளிகளும் முறையிட்டு, 1774இல் பிரிட்டனில் செய்த முழுப் பருத்தித் துணிக்கு அந்தத் தடையை நீக்கும் சட்டத்தைப் பெற்றனர். தமிழகத்து நெசவாளர்களின் பிழைப்பைப் பின்னாளில் உலுக்கிய மலிவான ஆலைத் துணியின் வரலாற்றில் இந்த ஓடைக்கரை ஒரு தொடக்கப் புள்ளி. இதே முறை 1880களில் தாமிரபரணிக் கரைக்கும் வந்தது. ஹார்வி சகோதரர்களின் பாபநாசம் ஆலை அருவி நீரின் விசையை நம்பி அமைந்தது. குரோம்ஃபோர்டுக்கு வந்த பஞ்சோ பெரும்பகுதி மேற்கிந்தியத் தீவுகளிலும் பிரேசிலிலும் அடிமைகள் விளைவித்தது. ஆலையின் அழகான முற்றத்தில் நிற்பவர் இந்த இரண்டு உண்மைகளையும் மறந்துவிடக் கூடாது.

ஊரே ஆலைக்காக அமைந்தது. 1776இல் எழுந்த வடக்குத் தெருவின் மூன்றடுக்கு வீடுகளை நிமிர்ந்து பார்த்தால், மேல்மாடியில் மட்டும் நீண்ட சன்னல் வரிசை தெரியும். அங்கே ஆண்கள் தறியில் உட்கார, பெண்களும் சிறுவர்களும் ஆலைக்குப் போனார்கள். பகல் முறை, இரவு முறை என்று வேலை மாறி மாறி நடந்தது. ஓவியர் ஜோசஃப் ரைட் தீட்டிய, இரவில் எல்லாச் சன்னல்களிலும் விளக்கொளி தெரியும் ஆலையின் படம் அந்தக் காலத்தவரின் வியப்பைக் காட்டுகிறது. இரவு முழுவதும் ஒரு கட்டடம் விழித்திருப்பது அதற்கு முன் யாரும் காணாதது. 1779இல் லங்கஷயரிலிருந்த ஆர்க்ரைட்டின் பர்க்ஏக்கர் ஆலையை ஒரு கூட்டம் அழித்தது. குரோம்ஃபோர்டு முதல் ஆலையின் தெருப்பக்கச் சுவரில் கீழ்த்தளத்தில் சன்னல்கள் இல்லாதிருப்பதைப் பார்ப்பவர், இத்தகைய தாக்குதல் குறித்த அச்சம் எவ்வளவு ஆழமானது என்பதை உணர்வார்.

இனி கால்வாய். ஆலை வாசலிலிருந்து சாலையைக் கடந்தால் குரோம்ஃபோர்டு கால்வாயின் படகுத்துறை. வில்லியம் ஜெஸப் பொறியாளராகவும் பெஞ்சமின் அவுட்ரம் துணையாகவும் நின்று, 1794இல் திறக்கப்பட்ட இந்தக் கால்வாய் சுமார் 23 கி.மீ. தூரம் ஓடி, லாங்லி மில்லில் எரிவாஷ் கால்வாயோடு சேர்ந்தது. நிலக்கரி உள்ளே வந்தது, சுண்ணாம்புக்கல்லும் ஈயமும் வெளியே போயின. பட்டர்லியில் சுமார் 2.7 கி.மீ. நீளச் சுரங்கப்பாதை குடைந்தபோது வெளிப்பட்ட நிலக்கரியையும் இரும்புத் தாதையும் வைத்தே பட்டர்லி இரும்பாலை தொடங்கியது. லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தின் பிரம்மாண்டமான கூரை அந்த ஆலை செய்தது.

நடப்பவருக்கு இந்தக் கால்வாய் தரும் பெரிய வசதி அதன் சமமட்டம். படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு ஏற்றி இறக்கும் மதகுகளான லாக்குகள் மொத்தம் 14 உண்டு. அத்தனையும் சுரங்கப்பாதைக்குக் கிழக்கே உள்ளன. குரோம்ஃபோர்டிலிருந்து பட்டர்லி வரை ஒரு லாக்கும் இல்லை. குன்றுச் சரிவில் ஒரே உயரத்தைப் பிடித்துக்கொண்டு கால்வாய் வளைந்து வளைந்து போகிறது. ஆறு மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது. படகை இழுத்த குதிரைகள் நடந்த இழுவைப்பாதையே இன்றைய நடைபாதை. முதல் சில நூறு மீட்டர்களில் பக்கத்திலேயே தெரியும் ஆறு, சில கிலோமீட்டர் போனபின் மரங்களுக்கு அடியில் வெகு கீழே தெரியும். வரைபடத்தின் சமவுயரக் கோடு என்றால் என்ன என்று மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் அரிது.

சுமார் ஒன்றரை கி.மீ. தொலைவில் ஹை பீக் சந்திப்பு வருகிறது. குரோம்ஃபோர்டு - ஹை பீக் ரயில்பாதை மலையிலிருந்து இறங்கிக் கால்வாயைத் தொடும் இடம் அது. குன்றுகளின் மறுபக்கம் வாலி பிரிட்ஜிலுள்ள பீக் ஃபாரஸ்ட் கால்வாயோடு குரோம்ஃபோர்டு கால்வாயை இணைக்க வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம். நடுவில் இருந்ததோ நீரைத் தேக்கி வைக்காத சுண்ணாம்பு மேடு. அதன்மேல் கால்வாய் வெட்டினால் நிரப்ப நீருக்கு எங்கே போவது? வில்லியம் ஜெஸப்பின் மகன் ஜோசையாஸ் ஜெஸப் கால்வாய்க்குப் பதில் சுமார் 53 கி.மீ. ரயில்பாதை வகுத்தார். 1830-31இல் அது திறந்தது. சிந்தனை மட்டும் கால்வாய்ப் பொறியாளருடையதாகவே இருந்தது. நீண்ட சமதளப் பகுதிகள், அவற்றுக்கிடையே லாக்குகளின் இடத்தில் செங்குத்துச் சரிவுகள், பெரும்பாலான சரிவுகளின் உச்சியில் வண்டிகளைச் சங்கிலியால் இழுக்கும் நீராவிப் பொறி. ஷீப் பாஸ்ச்சர் சரிவில் எட்டொன்பது அடிக்கு ஓர் அடி ஏற்றம். 1888இல் அங்கே கட்டவிழ்ந்த இரண்டு வண்டிகள் பாய்ந்தோடி வந்து, கால்வாயையும் அதற்கப்பாலுள்ள ரயில் தண்டவாளங்களையும் தாண்டி விழுந்தன. அதன்பின் ஓடிவரும் வண்டிகளைப் பிடிக்கச் சரிவின் கீழே ஒரு குழி வெட்டினார்கள். அந்தக் குழியும் அதற்குள் நொறுங்கிக் கிடக்கும் ஒரு வண்டியும் இன்றும் உண்டு. 1967இல் மூடப்பட்ட அந்தப் பாதை இப்போது 'ஹை பீக் டிரெயில்' என்ற சுமார் 27 கி.மீ. நடைவழி. மூச்சுவாங்க ஏறத் தயாரானவர் மிடில்டன் டாப் வரை போகலாம். அங்கே 1829இல் பட்டர்லி ஆலை செய்த இழுவைப் பொறி அதன் கூடத்திலேயே பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

சந்திப்புக்குச் சற்றுக் கீழே லீவுட் நீரேற்று நிலையம். உயர்ந்த புகைபோக்கியோடு நிற்கும் இந்தக் கல் கட்டடம் ஏன் அங்கே வந்தது என்பதற்கான விடை ஒரு நீர்வழக்கில் இருக்கிறது. குரோம்ஃபோர்டு ஆலைக்கும், ஆலையிலிருந்து வெளியேறும் நீரால் நிரம்பிய கால்வாய்க்கும் அடிப்படை அந்த ஈயச் சுரங்க வடிகால். சுரங்கக்காரர்களோ இன்னும் ஆழமாக ஈயம் தோண்ட, இன்னும் தாழ்வான மட்டத்தில் மீர்புரூக் சஃப் என்ற புதிய வடிகாலை நீட்டிக்கொண்டே வந்தார்கள். பழைய வடிகாலுக்கு வந்த நீர் கீழே இறங்கிவிட்டது. பல பத்தாண்டுகள் பயன்படுத்திய நீருக்குத் தங்களுக்கு உரிமை உண்டு என்று ஆர்க்ரைட் குடும்பம் வழக்காடியது. 1839இல் 'ஆர்க்ரைட் எதிர் கெல்' வழக்கில் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. சுரங்கத்தை வடிக்கச் செயற்கையாக வெட்டிய ஓடை அது, சுரங்கக்காரர் தம் தேவைக்காக வெளியேற்றிய நீர் தொடர்ந்து வர வேண்டும் என்று கீழேயுள்ளவர் கேட்க முடியாது என்பது நீதிமன்றத்தின் முடிவு. நீருரிமைச் சட்டத்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. பெருந்தொழிற்சாலைகளுக்கு வழிகாட்டிய ஆலை, போட்டியாளர் எவராலும் அன்றி, அண்டை நிலத்தின் அடியில் ஓடிய ஒரு குகையால் வலுவிழந்தது. மாசன் ஆலை ஆற்றின்மேல் நின்றதால் பிழைத்தது.

கால்வாய் நிறுவனம் ஆற்றிலிருந்தே நீரை மேலேற்ற 1849இல் லீவுட் நிலையத்தைக் கட்டியது. ஏற்றத்தின் துலா ஏறி இறங்குவதுபோல் ஒரு பெரும் இரும்பு உத்தரம் ஏறி இறங்க, ஒவ்வொரு அசைவிலும் ஏறக்குறைய 4 டன் நீர் சுமார் 9 மீட்டர் உயரம் ஏறிக் கால்வாயில் விழும். நிமிடத்துக்கு ஏழு அசைவுகள். ஒரு சின்னக் கால்வாய்க்கு இவ்வளவு பெரிய பொறி தேவைப்பட்டதற்கும் காரணம் நீருரிமைதான். கீழேயுள்ள ஆலைகள் ஓடும் நாள்களில் ஆற்றில் கைவைக்க முடியாது. சனிக்கிழமை இரவு 8 மணி முதல் ஞாயிறு இரவு 8 மணி வரைதான் அனுமதி. வாரம் முழுவதற்குமான நீரை ஒரே நாளில் இறைத்தாக வேண்டும். பழுதுபார்க்கப்பட்ட அந்தப் பொறி குறிப்பிட்ட சில நாள்களில் இன்றும் நீராவியில் இயக்கிக் காட்டப்படுகிறது. பயணத்தை அந்த நாளையொட்டி அமைத்துக்கொள்பவர் பாக்கியசாலி.

அடுத்து விக்வெல் தொட்டிப்பாலம், கால்வாய் டெர்வென்ட் ஆற்றின் குறுக்கே செல்லும் இடம். நீளம் சுமார் 180 மீட்டர், நடுவளைவின் அகலம் சுமார் 24 மீட்டர். கட்டி முடித்ததும் அதில் விரிசல் கண்டது. அருகிலுள்ள கிரிச் ஊரின் சுண்ணாம்பு சரியாக இறுகாததே காரணம் என்று சொன்ன ஜெஸப், பொறுப்பைத் தாமே ஏற்றுத் தம் கைப்பணத்தில் அதைச் செப்பனிட்டார். அவருடைய பெரிய படைப்புகள் பலவற்றைவிட இந்தச் செயலே அவரை உயர்த்திக் காட்டுகிறது. பாலத்தையும் சிறு சுரங்கப்பாதை ஒன்றையும் தாண்டினால், வாட்ஸ்டாண்ட்வெல் வரை பள்ளத்தாக்கு மிகவும் குறுகுகிறது. ஆறு, சாலை, 1849இல் திறந்த ரயில்பாதை, கால்வாய் நான்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகின்றன. வழியில் ஆற்றோரம் மீர்புரூக் வடிகாலின் வாய் இருக்கிறது. குரோம்ஃபோர்டு இழந்த நீர் அங்கேதான் வெளிப்படுகிறது. இப்போது அது குடிநீருக்கு எடுக்கப்படுகிறது.

பட்டர்லி சுரங்கப்பாதை நிலம் அமிழ்ந்ததால் 1900இல் மூடப்பட்டது. கால்வாய் இரண்டாகத் துண்டானது. 1944இல் பெரும்பகுதி கைவிடப்பட்டது. ஆம்பர்கேட்டுக்கு அப்பால் புல்பிரிட்ஜில் ரயில்பாதைக்கு மேலே கால்வாயைத் தாங்கிய இரும்புத் தொட்டி 1839இல் ஜார்ஜ் ஸ்டீவன்சன் அமைத்தது. படகுப் போக்குவரத்து நீண்ட நாள் தடைப்படாதபடி அதை மிதக்கவிட்டு இடத்தில் இறக்கினார்கள். 1968இல் சாலையை அகலப்படுத்துவதற்காக அந்தத் தொட்டிப்பாலம் இடிக்கப்பட்டது. பெரும் பிழை அது. இன்று கால்வாயை மீட்கப் பாடுபடும் தன்னார்வலர்களுக்கு மிகக் கடினமான தடை அந்த இடைவெளிதான். குரோம்ஃபோர்டு - ஆம்பர்கேட் பகுதி மட்டும் 1974இல் மாவட்ட நிர்வாகத்தின் கைக்கு வந்து காப்பாற்றப்பட்டது. படகுகள் நின்ற நீரில் நீரெலியும் முக்குளிப்பானும் குடியேற, அது சட்டப் பாதுகாப்புள்ள இயற்கைத் தளமாகவும் ஆகியிருக்கிறது. முழுக் கால்வாயிலும் படகு விட விரும்புவோருக்கும் அமைதியான நீரைக் காக்க விரும்புவோருக்கும் இதனால் இழுபறி உண்டு. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஆம்பர்கேட்டுக்குக் கீழே ஆறு விரிகிறது, ஆலைகள் நேராக ஆற்றின்மேல் வருகின்றன. பெல்பர் ஸ்ட்ரட் குடும்பத்தின் ஊர். 1797இல் கட்டிய குதிரைலாட வடிவத் தடுப்பணை, நீர் வழியும் விளிம்பை நீட்டி, வெள்ளத்தில் மட்டம் அதிகம் ஏறாமல் காக்கிறது. பக்கத்திலுள்ள வடக்கு ஆலை பார்வைக்கு எளிய கட்டடம். ஆனால் கட்டடக்கலை படிப்பவர்கள் அதைத் தேடி வருகிறார்கள். 1786இல் எழுந்த மரத்தள ஆலை 1803இல் எரிந்தது. எண்ணெயும் பஞ்சுத்தூசும் நிறைந்த ஆலைகளுக்குத் தீயே முதல் எதிரி. ஜெடிடையாவின் மகன் வில்லியம் ஸ்ட்ரட் 1804இல் வார்ப்பிரும்புத் தூண்களும் உத்தரங்களும் செங்கல் வளைவுத் தளங்களுமாக அதைத் திரும்பக் கட்டினார். இரும்புச் சட்டகத்தில் உயர்ந்து நிற்கும் பிற்காலக் கட்டடங்களின் மூதாதையருள் அதுவும் ஒன்று. தொழிலாளருக்காக 1790களில் கட்டிய லாங் ரோ வீடுகளில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள்.

பெல்பருக்குத் தெற்கே மில்ஃபோர்டு. அங்கிருந்த ஆலைகளில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டுவிட்டன. அங்கே ஜெடிடையா ஸ்ட்ரட்டிடம் தொழில் பழகிய சாமுவேல் ஸ்லேட்டர் 1789இல் அமெரிக்காவுக்குப் போனார். கைவினைஞர் வெளிநாடு போவதையும் இயந்திரம் வெளியேறுவதையும் சட்டம் தடுத்த காலம் அது. வரைபடம் எதுவும் இல்லாமல் நினைவை மட்டும் கொண்டு ரோட் ஐலண்டின் பாட்டக்கெட்டில் நூற்பு இயந்திரங்களை அமைத்தார். அமெரிக்கா அவரைத் தன் தொழில்வளத்தின் தந்தை என்று கொண்டாடுகிறது. அவர் பிறந்த பெல்பரில் துரோகி என்ற பேச்சு நெடுநாள் இருந்தது. பிறருடைய பொறிநுட்பத்தை எடுத்துச்செல்வது இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதன்று. டார்பியில் 1721இல் முடிந்த லோம் சகோதரர்களின் பட்டாலை, ஜான் லோம் இத்தாலியின் பியட்மான்ட் பகுதியில் பார்த்துவந்த பட்டு முறுக்கும் இயந்திரங்களைப் பிரதியெடுத்து நிறுவப்பட்டது. அவற்றுக்கான காப்புரிமையை நீட்டிக்க மறுத்த நாடாளுமன்றம் 1732இல் தாமஸ் லோமுக்கு 14,000 பவுண்டு ஈடு வழங்கியது.

டார்பிக்குச் சற்று முன்பு டார்லி அபி. எவன்ஸ் குடும்பம் 1780களில் கட்டிய ஆலைகளும் குடியிருப்பும் பெரிதும் குலையாமல் இருக்கின்றன. பட்டாலையின் இடத்தில் 2021இல் 'மியூசியம் ஆஃப் மேக்கிங்' திறந்தது. 1910 தீயில் பழைய கட்டடத்தின் பெரும்பகுதி போனாலும், ஆற்றோர அடித்தள வளைவுகள் எஞ்சியுள்ளன. தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காக 1833-34இல் டார்பி பட்டுத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வெளியே நிறுத்தப்பட்டதன் நினைவும் அந்த இடத்தைச் சேர்ந்தது. அதன்பின் சமவெளி. நெடுவழி ஷார்ட்லோவுக்கு அருகே முடிகிறது. ஜேம்ஸ் பிரிண்ட்லி வகுத்து 1777இல் முழுமையடைந்த டிரென்ட் - மெர்சி கால்வாயின் பழைய கிடங்குகளை அங்கே பார்க்கலாம்.

டார்பி - மாட்லாக் ரயில்பாதை பள்ளத்தாக்கைத் தொடர்ந்து போவதால் ஒரு நிலையத்தில் இறங்கி, நடந்து, மற்றொன்றில் ஏறித் திரும்ப முடிகிறது. மழைக்குப் பின் இழுவைப்பாதை சேறாகும், நல்ல காலணி வேண்டும். இலையுதிர்ந்த பின் போனால் கோடையில் மரங்கள் மறைக்கும் ஆற்றுமட்டமும் ரயில்பாதையும் தெளிவாகத் தெரியும். முழு வழியையும் நடக்க அவகாசமுள்ளவர்கள் குறைவு. ஒரு நாள் மட்டும் கிடைப்பவர் காலையில் குரோம்ஃபோர்டு நிலையத்தில் இறங்கி, ஆலையை நிதானமாகப் பார்த்து, சுமார் 8 கி.மீ. கால்வாய்க் கரையில் ஆம்பர்கேட் வரை நடப்பதே சிறந்தது. பாரம்பரிய எல்லைக்குள் வேறெந்த 8 கி.மீ. தூரமும் இவ்வளவு சொல்வதில்லை.